உதிர்ந்த இலையின் கணக்கு

17-ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் அருகே வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர், ஒரு தொட்டியில் 200 ராத்தல் உலர்ந்த மண்ணைக் கொட்டி அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர அதற்கு வேறெதுவும் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பிடுங்கி நிறுத்தபோது மரம் 169 ராத்தலைத் தாண்டியிருந்தது. மண்ணையும் மறுபடி உலர்த்தி நிறுத்தார். அதில் குறைந்திருந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்.

மரம் மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்ற பழைய நம்பிக்கை அந்தத் தராசில் அடிபட்டுப்போனது. சரி, கூடிய 164 ராத்தல் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து என்று முடிவு கட்டினார் வான் ஹெல்மான்ட். அது தவறு. வேடிக்கை என்னவென்றால், சரியான விடையும் அவர் கையிலேயே இருந்தது. 62 ராத்தல் மரக்கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 ராத்தலும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடுகிறது என்று எழுதியவரும் அவரே. ஓடிப்போவதற்கு ‘கேஸ்’ என்று பெயர் வைத்து, காட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லை அதற்கு அடைமொழியாகவும் சேர்த்தார். நாம் கரியமில வாயு என்று சொல்வது அதைத்தான். மரத்திலிருந்து அந்த வாயு வெளியே போவதைப் பார்த்தவருக்கு, அதே வாயுதான் உள்ளே வந்து மரமாகிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

அவருடைய குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. நான்கு இலையுதிர் காலங்களில் கொட்டிய இலைகளின் எடையைத் தாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார். காடும் கார்பனும் பற்றிய இன்றைய பேச்சில் கிட்டத்தட்ட எல்லாச் சிக்கல்களும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். உள்ளே வந்ததை எல்லோரும் கவனமாக எண்ணுகிறோம். உதிர்ந்ததும் மக்கியதும் எரிந்ததும் கணக்கேட்டின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடுகின்றன.

முதலில் உள்ளே வருவதைப் பார்த்துவிடலாம். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று நுழைகிறது. வேர் அனுப்பிய தண்ணீரை வெயிலின் ஆற்றலைக் கொண்டு உடைத்து, அந்தக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்த்து இலை சர்க்கரை ஆக்குகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து செல்லுலோஸ், லிக்னின் எல்லாம் உருவாகி மரமாக இறுகுகின்றன. ஈரம் முழுக்கப் போன மரக்கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான். ஒரு தேக்குக் கதவைத் தூக்கும்போது, ஒரு காலத்தில் காற்றில் மிதந்துகொண்டிருந்த ஒன்றைத்தான் தூக்குகிறோம்.

இங்கே அளவுகள் பற்றிய ஓர் எச்சரிக்கை. செய்திகளில் சில எண்கள் கார்பன் எடையிலும், சில கரியமில வாயு எடையிலும் வரும். 1 டன் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஏறக்குறைய 3.67 டன் கரியமில வாயு ஆகும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாமே மூன்றரை மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். இந்தக் கட்டுரையில் வரும் டன் கணக்கெல்லாம் கார்பன் எடைதான்.

உலகின் நிலத்தாவரங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. சில புதிய மதிப்பீடுகள் இதைவிடக் கூடவே சொல்கின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து மனிதர்கள் வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். இதை மட்டும் படித்தால், நாம் விடுவதைப் போல் பன்னிரண்டு மடங்கைச் செடிகொடிகள் விழுங்கிவிடுகின்றனவே, பிறகென்ன கவலை என்று தோன்றும்.

ஆனால் மரமும் மூச்சு விடுகிறது. இலை, தண்டு, வேர் எல்லாம் உயிரோடிருக்க ஆற்றல் வேண்டும். அதற்காகத் தான் சமைத்த சர்க்கரையில் ஏறக்குறைய பாதியைத் தாவரமே எரித்து, கரியமில வாயுவாகத் திருப்பி விட்டுவிடுகிறது. மீதிப் பாதி இலையும் மரமும் வேருமாக நிற்கிறது. நிற்கிறது என்பதுகூடச் சரியில்லை, கொஞ்ச காலம் தங்குகிறது. இலை உதிர்கிறது, மெல்லிய வேர்கள் செத்துப் புதிதாக முளைக்கின்றன, கிளை முறிகிறது, மரம் சாய்கிறது. விழுந்ததையெல்லாம் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் கறையானும் வண்டும் தின்று, அவையும் மூச்சாக வெளியே விடுகின்றன. செத்து விழுந்த மரங்கள் மக்குவதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,090 கோடி டன் கார்பன் வெளியேறுகிறது என்று 2021-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. அதில் 29 சதவீதம் பூச்சிகளின் பங்கு. நம்முடைய புகைபோக்கிகள் எல்லாம் சேர்ந்து விடுவதற்கு ஈடான வேலையை, எந்தச் சத்தமும் இல்லாமல் மக்கும் கட்டைகள் செய்துகொண்டிருக்கின்றன.

ஆண்டு முடிவில் வந்ததையும் போனதையும் கழித்துப் பார்த்தால் நிலத்தில் தங்குவது சுமார் 300 கோடி டன். உள்ளே வந்ததில் நூற்றுக்கு இரண்டரை. ஆனாலும் மனிதர்கள் வெளியிடுவதில் இது ஏறக்குறைய முப்பது சதவீதம். கடலும் கிட்டத்தட்ட இதே அளவை எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் இல்லையென்றால் காற்றில் கரியமில வாயு கூடும் வேகம் இன்றுள்ளதைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருக்கும்.

ஏரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது ஒன்று. வரத்து எவ்வளவு, மதகு வழியே போவது எவ்வளவு என்பது இன்னொன்று. நிரம்பிய ஏரியில் வரத்தும் போக்கும் சமமாக இருக்கலாம், அப்போது மட்டம் ஏறாது. அதனால் ஏரி பயனற்றது என்று யாரும் கரையை வெட்டிவிட மாட்டார்கள். காட்டு விஷயத்தில் மட்டும் இந்தத் தவறை நாம் அடிக்கடி செய்கிறோம். ‘முதிர்ந்த காடு புதிதாக எதையும் உறிஞ்சுவதில்லை, வெட்டிவிட்டு இளங்கன்று வைக்கலாம்’ என்ற வாதம் அப்படிப் பிறந்ததுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

‘அமேசான் உலகின் நுரையீரல், 20 சதவீத ஆக்சிஜன் அங்கிருந்துதான் வருகிறது’ என்ற பேச்சும் இதே ரகம். 2019-இல் அமேசான் தீயின்போது பெரிய தலைவர்கள்கூட இதைச் சொன்னார்கள். உண்மையில் அமேசான் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்குள்ள மரங்களின் மூச்சும் மக்குதலுமே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நிகரக் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். அமேசானைக் காக்க ஆயிரம் காரணங்கள் உண்டு. இது அதில் சேராது.

காடுகள் மூச்சு விடுவதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு வரைபடம் இருக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோடு நேராகப் போவதில்லை, வாள்பல் போல ஏறி இறங்கிப் போகிறது. மே மாதத்தில் உச்சம். பிறகு வட கோளத்துக் காடுகளும் புல்வெளிகளும் துளிர்த்து வாயுவை இழுக்க, செப்டம்பர் வாக்கில் பத்து லட்சத்தில் ஆறு ஏழு பங்கு குறைகிறது. இலை உதிர்ந்து மக்கத் தொடங்கியதும் மறுபடி ஏறுகிறது. நிலம் பெரும்பாலும் வட கோளத்தில் இருப்பதால்தான் உலகம் முழுவதும் ஒரே திசையில் மூச்சு விடுவது போலத் தெரிகிறது. 1960-க்குப் பிறகு வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது. வெப்பம் கூடி, வளரும் பருவம் நீண்டு, காடு முன்னைவிட ஆழமாக மூச்சிழுக்கிறது. ஆழமாக வெளியேயும் விடுகிறது.

இருப்பு எங்கே இருக்கிறது என்பது பலரை வியப்பில் ஆழ்த்தும். உலகக் காடுகளில் ஏறக்குறைய 86,000 கோடி டன் கார்பன் இருப்பதாக 2011-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு மதிப்பிட்டது. காற்றில் இன்று மொத்தமாக உள்ள கார்பனுக்கு இது ஏறத்தாழ ஈடு. இதில் உயிருள்ள மரங்களில் இருப்பது 42 சதவீதம்தான். மேல் ஒரு மீட்டர் மண்ணில் 44 சதவீதம். மீதி, செத்த கட்டைகளிலும் சருகிலும். ஆக, காடு என்று நாம் படம் பிடிப்பது பாதிக் காட்டைத்தான்.

வெப்பமண்டல மழைக்காடுகளும் வடக்கே ரஷ்யா, கனடா, ஸ்காண்டிநேவியா வரை நீளும் ஊசியிலைக் காடுகளும் இதில் நேரெதிர். மழைக்காட்டில் வெப்பமும் ஈரமும் எதையும் கீழே தங்க விடுவதில்லை. விழுந்த இலை சில மாதங்களில் காணாமல் போய்விடும். அதனால் கார்பனில் பாதிக்கு மேல் நிற்கும் மரத்திலேயே இருக்கிறது. வடக்கே குளிரில் நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. மரம் குட்டையாக, மெலிந்து இருக்கும். அதன் காலடியில் பாசியும் சருகும் நூற்றாண்டுகளாக மக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். அங்கே கார்பனில் ஏறக்குறைய அறுபது சதவீதம் மண்ணில் இருக்கிறது. வெட்டினால் எது போகும், எரிந்தால் எது போகும், சூடேறினால் எது போகும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

இன்னும் ஒருபடி போனால் பீட் நிலங்கள். நீர் தேங்கிய இடத்தில் விழும் இலைக்கும் வேருக்கும் ஆக்சிஜன் கிடைக்காது, மக்காது, கறுத்த சேறாகப் படியும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இந்த நிலங்களில், உலகின் எல்லாக் காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது. காங்கோ ஆற்றுப்படுகையின் நடுவே, சதுப்புக் காட்டின் அடியில், இங்கிலாந்தைவிடப் பெரிய பரப்பில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் பீட்டாகக் கிடக்கிறது என்பது 2017-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தது அது. செயற்கைக்கோள் யுகத்தில் இவ்வளவு பெரியதொன்று கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அலையாத்திக் காடுகளின் கதையும் இதே வகைதான். உப்புச் சேற்றுக்குள் அவை ஒரு ஹெக்டேரில் சேர்த்து வைத்திருப்பது, சாதாரண வெப்பமண்டலக் காட்டைவிடப் பல மடங்கு.

வரத்தும் போக்கும் சமமாக வேண்டிய காடுகள் இன்னும் ஏன் நிகரமாக உறிஞ்சுகின்றன? காரணம் பெருமளவு நாமேதான், இரண்டு விதத்தில். ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் முன்னோர்கள் வெட்டி உழுத நிலங்கள் கைவிடப்பட்டு, இப்போது காடாகத் திரும்ப வளர்கின்றன. இழந்ததைத் திரும்பப் பெறுவது புதிய வரவு போலத் தெரிகிறது. இன்னொன்று, காற்றில் நாம் ஏற்றிய கரியமில வாயுவே மரங்களுக்கு ஒருவகையில் உரம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இலைக்குத் தீனி தாராளமாகக் கிடைக்கிறது.

இந்த உரம் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதற்குக் காரணம் சிட்னிக்கு மேற்கே ஒரு யூகலிப்டஸ் காட்டில் 2012-இல் தொடங்கிய சோதனை. நிற்கும் காட்டைச் சுற்றிக் குழாய்க் கோபுரங்களை எழுப்பி, வருங்காலக் காற்றில் இருக்கப்போகும் அளவுக்குக் கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் ஊதினார்கள். முடிவுகள் 2020-இல் வந்தன. மரங்கள் 12 சதவீதம் கூடுதலாகக் கார்பனை உள்ளிழுத்தன. ஆனால் தண்டு பருக்கவில்லை. கூடுதலாக வந்த சர்க்கரையைப் பெரும்பாலும் மண்ணுக்குள் அனுப்பின, அங்கிருந்து நுண்ணுயிர்களின் மூச்சாக அது திரும்பி வெளியேறியது. மண்ணில் பாஸ்பரஸ் போதவில்லை என்பதுதான் விஷயம். உணவில் ஒன்றை மட்டும் அள்ளிப் போட்டால் உடம்பு வளராது என்பது மரத்துக்கும் பொருந்துகிறது. அந்தக் காடு வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் நிற்பது. எல்லாக் காடும் அப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வெப்பமண்டலக் காடுகளில் கணிசமானவை பாஸ்பரஸ் குறைந்த மண்ணில்தான் நிற்கின்றன.

(இடையில் ஒரு விநோதம். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து உலகம் முழுக்க மேல்வானில் மெல்லிய மூட்டம் பரவியது. வெயில் குறைந்தது. மரங்கள் வாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? காற்றில் கரியமில வாயு கூடும் வேகம் குறைந்தது. மூட்டத்தில் சிதறிய ஒளி நாலா பக்கமும் பரவி, நிழலில் இருந்த கீழ் இலைகளுக்கும் போய்ச் சேர்ந்ததும், குளிர்ச்சியால் மண்ணில் மக்குதல் மெதுவானதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.)

இனிப் போக்குக்கு வருவோம். மதகுகள் பல. ஆண்டுதோறும் காட்டை அழித்து நிலமாக்குவது முதலாவது. நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் வெளியேறும் நிகரக் கார்பன் ஆண்டுக்குச் சுமார் 110 கோடி டன், பெரும்பகுதி வெப்பமண்டலத்தில். இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 2021-இல் கிளாஸ்கோவில் 140-க்கும் மேற்பட்ட நாடுகள் 2030-க்குள் காட்டழிப்பை நிறுத்துவதாகக் கையெழுத்திட்டன. 2024-இல் வெப்பமண்டலத்தின் பெரிதும் கைபடாத முதன்மைக் காடுகளில் 67 லட்சம் ஹெக்டேர் போனது. அளவெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவே மிக மோசமான ஆண்டு. அந்த ஆண்டு இழப்புக்கு முதல் காரணம் கோடரி அல்ல, தீ.

தீ தன்னளவில் கெட்டதில்லை. பல காடுகள் தீயோடு பழகியவை. எரிந்த இடத்தில் மறுபடி முளைத்து, சில பத்தாண்டுகளில் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கணக்கு நேராகிவிடும். அந்த இடைவெளி சுருங்கும்போதும், தீ மரத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கும்போதும்தான் கணக்கு கெடுகிறது. 2023-இல் கனடாவில் ஏறக்குறைய 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. மே முதல் செப்டம்பர் வரை வெளியேறிய கார்பன் சுமார் 64.7 கோடி டன் என்று செயற்கைக்கோள் அளவைகளை வைத்து மதிப்பிட்டார்கள். அதைவிட அதிகமாக எரிபொருளால் ஓராண்டில் வெளியிடும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்றே. எரிந்ததில் நிற்கும் மரத்தைவிட, காலடியில் பல தலைமுறைகளாகச் சேர்ந்த பாசியும் மட்கும் முக்கியம். மரம் எண்பது ஆண்டில் திரும்பும். அந்த அடுக்கு திரும்ப நூற்றாண்டுகள் ஆகும், அதுவும் குளிர் அப்படியே இருந்தால்.

பீட்டில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. 1990-களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் சதுப்புக் காட்டை நெல் வயலாக்கும் திட்டம் வந்தது. சுமார் 10 லட்சம் ஹெக்டேர் பரப்பில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. நீர் வடிந்ததும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆக்சிஜனையே காணாத பீட்டுக்குக் காற்றுப் பட்டது. 1997-இன் எல் நினோ வறட்சியில் தீ வந்தபோது நிலமே எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியத் தீயில் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பன் வெளியேறியிருக்கலாம் என்பது மதிப்பீடு. அதாவது, அப்போதைய உலக எரிபொருள் உமிழ்வில் 13 முதல் 40 சதவீதம். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்? எத்தனை சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிலம் எரிந்தது என்பதை அளப்பது அவ்வளவு கடினம். 2015-இல் மறுபடி பெரிய தீ. பல நாட்கள் அந்தத் தீயின் ஒருநாள் உமிழ்வு அமெரிக்கப் பொருளாதாரத்தின் ஒருநாள் உமிழ்வைத் தாண்டியது.

புகையே இல்லாமல் போவதும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரப் பட்டைக்குள் வாழும் அரிசியளவு வண்டை, கடுங்குளிர்தான் முன்பெல்லாம் கட்டுப்படுத்தி வந்தது. குளிர்காலம் இளகியதும் வண்டு பெருகி, கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. 2000 முதல் 2020 வரை இதனால் ஏற்படும் இழப்பு 27 கோடி டன் கார்பன் என்று 2008-இல் கணித்தார்கள். உறிஞ்சிக்கொண்டிருந்த காடு வெளிவிடும் காடாக மாறியது.

அமேசானில் இதே மாற்றத்தைக் காற்றை அளந்தே பிடித்தார்கள். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூசியானா காட்டியின் குழு, 2010 முதல் 2018 வரை நான்கு இடங்களில் சிறு விமானங்களை ஏற்றி, உயரம் உயரமாகக் காற்றைக் குடுவைகளில் பிடித்தது. மொத்தம் 590 முறை. காட்டுக்குள் நுழையும் காற்றிலும் அதைக் கடந்து வெளிவரும் காற்றிலும் கரியமில வாயு எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் காடு இழுத்ததா விட்டதா என்று தெரிந்துவிடும். மேற்கு அமேசான் ஏறக்குறையச் சமநிலையில் இருந்தது. தென்கிழக்கு, நிகரமாக வெளிவிட்டுக்கொண்டிருந்தது. காடு அதிகம் அழிக்கப்பட்ட பகுதி அது. மரம் குறைந்ததால் வேர்கள் இறைத்து மேலே அனுப்பும் ஈரம் குறைந்து, கோடை நீண்டு வெப்பம் ஏறி, மிச்சமிருக்கும் மரங்களும் தளர்ந்திருந்தன. வெட்டப்படாமல் நிற்கும் காடு நலமாக இருக்கிறது என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது முன்பு விட்ட வாதத்துக்கு வரலாம். இளங்கன்றுகள் வேகமாக வளர்கின்றனவே, முதியதை வெட்டி இளையதை நடுவது லாபம்தானே? இதில் பாதி உண்மை இருக்கிறது. இளங்காட்டில் வரத்து அதிகம், செத்து விழுவது குறைவு. ஆனால் இருப்பைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வானுயர்ந்த யூகலிப்டஸ் நிற்கும் பழங்காடுகளில் ஹெக்டேருக்கு 1,800 டன்னுக்கும் மேல் கார்பன் அளந்திருக்கிறார்கள். அதை வெட்டிவிட்டு நடும் கன்றுகள் அந்த அளவை எட்டப் பல நூறு ஆண்டுகள் வேண்டும், இடையில் யாரும் வெட்டாமலும் எரியாமலும் இருந்தால். தனி மரங்களை எடுத்தாலும் கிழட்டு மரம் சோம்பேறி அல்ல. 403 இனங்களை ஆராய்ந்த 2014 ஆய்வு ஒன்று, பெரும்பாலான இனங்களில் மரம் பெருக்கப் பெருக்க ஆண்டுதோறும் அது சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று காட்டியது. ஒரு பெருமரம் ஓராண்டில் சேர்ப்பது, அதே காட்டின் ஒரு நடுத்தர மரத்தின் முழு எடைக்கே ஈடாகலாம். உலகின் பல காட்டு ஆய்வுத் திடல்களை ஒப்பிட்டபோது, இருப்பதிலேயே பருத்த 1 சதவீத மரங்களே மண்ணுக்கு மேலுள்ள எடையில் பாதியைத் தாங்கியிருந்தன.

வெட்டிய மரம் வீட்டு உத்தரமாகப் போனால் கார்பன் பல பத்தாண்டுகள் தங்கும். காகிதமானால் சில ஆண்டுகள். விறகானால் அன்றே போய்விடும். மின் நிலையங்களில் மரத்துண்டை எரிப்பதைச் சில நாடுகள் பசுமை எரிசக்தி என்கின்றன. பன்னாட்டுக் கணக்கு விதிப்படி, மரம் எரிந்து வரும் கார்பன், எரிக்கும் நாட்டின் எரிசக்திக் கணக்கில் வராது. மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் வர வேண்டும். இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்க வைத்த விதி அது, தர்க்கம் சரிதான். ஆனால் இறக்குமதி செய்யும் நாட்டின் புகைபோக்கிக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதப்படுகிறது. வெட்டிய இடத்தில் காடு திரும்ப வளர்ந்தால்தான் அந்தப் பூஜ்யம் மெய்யாகும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மரம் நடும் வாக்குறுதிகளிலும் இதே கோளாறு. 2011-இல் தொடங்கிய பான் சவால் என்ற பன்னாட்டுக் காடு மீட்பு முயற்சி 2030-க்குள் 35 கோடி ஹெக்டேரை மீட்க வேண்டும் என்றது. 2019-இல் அந்த வாக்குறுதிகளை அலசியவர்கள், அதில் 45 சதவீதம் ஒரே இன வணிகத் தோட்டங்கள் என்று கண்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுப்படும் தோட்டத்தோடு ஒப்பிட்டால், தானாக வளர விட்ட இயற்கைக் காடு நீண்ட காலத்தில் 40 மடங்கு கார்பனைப் பிடித்து வைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எங்கே நடுகிறோம் என்பதும் உண்டு. பனி மூடிய வெள்ளை நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அங்கே கருநிற ஊசியிலை மரங்களை நட்டால் கார்பனைக் குறைத்த லாபத்தை நிலம் உறிஞ்சும் வெப்பம் தின்றுவிடலாம்.

நிலக்கரிக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகள் புதைந்து நிலக்கரி ஆயின. நாம் தோண்டாதவரை அந்தக் கார்பன் எந்தப் புயலுக்கும் வண்டுக்கும் அசையாது. அதை எரித்து வெளியே விட்டு, ஈடாக ஒரு காட்டில் ஏற்றி வைத்தேன் என்றால், பூட்டிக் கிடந்ததைத் திண்ணையில் எடுத்து வைத்ததற்குச் சமம். டன்னுக்கு டன் சரியாக இருக்கலாம், காலத்துக்குக் காலம் சரியாக இல்லை.

நாடுகளின் கணக்கேடுகளில் இது இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறது. பின்லாந்து 2035-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க சட்டம் போட்ட நாடு. மிச்ச உமிழ்வைக் காடுகள் பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். வெட்டு அதிகமாகி, வளர்ச்சி மெதுவாகி, வடித்த பீட் நிலங்களிலிருந்து உமிழ்வும் சேர, 2021-இல் அந்நாட்டின் காடும் நிலமும் சேர்ந்த கணக்கு நிகரமாக வெளிவிடும் பக்கம் சாய்ந்தது. 2024-இல் வெளியான ஜெர்மனியின் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பு, 2018-இல் தொடங்கிய வறட்சி ஆண்டுகளிலும் பட்டை வண்டிலும் ஸ்ப்ரூஸ் மரங்கள் செத்ததால், 2017-க்குப் பிறகு காட்டின் இருப்பு சுமார் 4 கோடி டன் குறைந்துவிட்டது என்று சொன்னது. கனடாவோ காட்டுத்தீயை இயற்கை இடர் என்று தனியே பிரித்துக் காட்டுகிறது, நாட்டின் மொத்த உமிழ்வில் அது சேராது. எரிந்த இடத்தில் மரம் மறுபடி வளர்ந்து முதிர்ந்ததும் உறிஞ்சுவது மட்டும் வரவில் ஏறும். காரணம் சொல்கிறார்கள், மனிதர் செயலை மட்டும் பிரித்துக் காட்டத்தான் என்று. காற்றுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

அளக்கும் கருவிகள் நாளுக்கு நாள் கூர்மையாகி வருகின்றன. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ‘பயோமாஸ்’ என்ற செயற்கைக்கோளை ஏவியது. ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் ராடார் அலைகள் இலைக் கூரையைத் துளைத்துத் தண்டையும் பெருங்கிளைகளையும் பார்க்கும். மழைக்காடுகளின் எடையை உலகம் முழுக்க ஒரே அளவுகோலால் எடுக்க இது உதவும். ஆனால் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் மேலே போகும்போது அதை அணைத்துவிட வேண்டும். விண்பொருட்களைக் கண்காணிக்கும் அமெரிக்க ராணுவ ராடார்களும் அதே அலைவரிசையில் இருப்பதால் அங்கே அனுமதி இல்லை. பின்லாந்து, ஜெர்மனி, கனடா மூன்றும் அந்தப் பக்கத்தில்தான் வருகின்றன. வேருக்குக் கீழே மண்ணில் கிடப்பதை எந்த ஊரிலும் அது பார்க்காது. அதற்கு இன்றும் மண்வெட்டியால் குழி தோண்டி, மண்ணை உலர்த்தி, தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.